போன்சாய் நிறைய சேந்துருச்சா? எங்க, எப்படி அடுக்கறதுன்னு பாப்போம்

முதல் போன்சாய், அதாவது சட்டியில குட்டியா வளக்கற மரம், வாங்கறப்ப யாருக்கும் இந்தப் பிரச்சனை வராது. ஒரு குட்டி ஆலமரம், வாசல் திண்ணையில வச்சா போதும், வர்றவங்க எல்லாம் "அட, இது நெசமான மரமா?"ன்னு தொட்டுப் பாப்பாங்க, நமக்கும் கொஞ்சம் பெருமையா இருக்கும். ரெண்டாவது வருஷம் அது ஏழாகும். மூணாவது வருஷம் எண்ணறதையே நிறுத்திருவோம். காம்பவுண்ட் சுவர் மேல ரெண்டு, மாடிப்படியில படிக்கு ஒண்ணு, மோட்டார் ரூம் மேல நாலு, துவைக்கற கல்லு மேல ஒண்ணு. அப்புறம் ஒரு நாள் துணி காயப்போட வந்த அம்மா பக்கெட்ட வைக்க இடம் இல்லாம நின்னுட்டு, "ஏண்டா இது வீடா நர்சரியா"ன்னு கேப்பாங்க பாருங்க, அன்னைக்குத்தான் இதை ஒழுங்கா அடுக்கணும்னு புத்தி வரும்.

எங்க வீடு கோயமுத்தூர்ல. கீழ சின்னத் தோட்டம், மேல மொட்டை மாடி, ரெண்டும் சேத்து இப்ப 34 மரம் இருக்கு. இதுவரைக்கும் மூணு தடவை மொத்தத்தையும் கலைச்சு அடுக்கிட்டேன். முதல் ரெண்டு தடவையும் போட்டோல பாத்த ஜப்பான் தோட்டம் மாதிரி அழகா வரணும்னு அடுக்கினேன், ரெண்டு தடவையும் மரம் செத்துச்சு. மூணாவது தடவைதான் புரிஞ்சுது, அடுக்கறது மரத்துக்காக இல்ல, தினமும் தண்ணி விடற ஆளுக்காக. அந்த ஆளுக்கு முதுகுவலி இருக்கும், காலையில ஆபீசுக்கு லேட் ஆகும், மழை வர்ற மாதிரி இருந்தா "இன்னைக்கு விட வேண்டாம்"னு நைசா நழுவுவான். (என்னைப் பத்திதான் சொல்றேன், உங்களுக்கும் பொருந்தும்.) அவனுக்கு ஏத்த மாதிரி இடத்தைப் போட்டுட்டா அழகு தானா வரும், வராட்டியும் மரமாவது உயிரோட இருக்கும்.

முதல் வேலை: சாக்பீஸ் எடுங்க

பெஞ்ச் வாங்கப் போகாதீங்க, சட்டியைத் தூக்காதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்து, காலையில 8 மணி, 10, 12, 2, 4 மணின்னு அஞ்சு தடவை போயி நிழல் எங்க விழுதோ அங்க சாக்பீஸால கோடு போடுங்க, பக்கத்துலயே மணியையும் எழுதுங்க. காலையில இருந்து மதியம் வரைக்கும் வெயில் விழுந்து, ரெண்டு மணிக்கு மேல நிழல் வர்ற இடம் எதுவோ அதுதான் உங்க வீட்டுலயே நல்ல இடம். சாயங்கால வெயில் மட்டும் விழற இடம் மோசம், ஏன்னா அந்த நேரத்துக்கு சுவரும் தரையும் சூடேறி சட்டி ஏற்கனவே காஞ்சு கிடக்கும்.

இதுல புதுசா வர்றவங்க ஏமாறுற ஒரு விஷயம் இருக்கு. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை கோடு வருஷம் முழுக்க செல்லாது. நம்ம ஊரு பூமத்திய ரேகையில இருந்து 11 டிகிரி வடக்க இருக்கு. ஏப்ரல் மூணாவது வாரம் மதியம் சூரியன் நேரா உச்சி மண்டைக்கு மேல வரும், அதுக்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் உச்சி வெயில் வடக்குப் பக்கமா சாஞ்சு இருக்கும். டிசம்பர்ல தெக்க ரொம்ப இறங்கிரும். கணக்குப் போட்டுப் பாத்தா டிசம்பர் 21 மதியம் ஆறடி சுவருக்கு நாலடி நிழல் வடக்க விழுது, அதே ஜூன் 21 மதியம் ஒண்ணேகால் அடி நிழல்தான், அதுவும் தெக்க. அதனால தெக்குச் சுவரை ஒட்டி பெஞ்ச் போட்டீங்கன்னா மே மாசம் சூப்பரா இருக்கற இடம் மார்கழியில நிழலடிச்சுப் போயிரும், வளர்ற கிளை எல்லாம் வெயிலத் தேடி ஒரு பக்கமா நீளும், இலை பெருசாகும், கஷ்டப்பட்டு சின்னதாக்கின இலை. முடிஞ்சா தெக்குச் சுவர்ல இருந்து நாலடி தள்ளிப் போடுங்க.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். அவரு மாடி எடுத்தா முடிஞ்சுது. எங்களுக்கு கிழக்குல இருந்த வீட்டுல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாடி ஏத்தினாங்க, காலையில ஏழு மணிக்கு வந்த வெயில் இப்ப ஒம்பதரைக்குத்தான் எட்டிப் பாக்குது. அவங்க வீடு, அவங்க இஷ்டம், என்ன சொல்ல முடியும். ஜப்பான்ல ஓமியான்னு ஒரு ஊரு, 1923 நிலநடுக்கத்துக்கு அப்புறம் டோக்கியோவுல இருந்த போன்சாய் தோட்டக்காரங்க நல்ல மண்ணு, நல்ல தண்ணி தேடிப் போயி 1925ல உருவாக்கின கிராமம். அங்க குடியேறுறவங்களுக்கு அப்பவே ரூல் போட்டாங்க: குறைஞ்சது 10 போன்சாய் வச்சுருக்கணும், யாரு வந்தாலும் தோட்டத்தைக் காட்டணும், வேலி செடி வேலியா இருக்கணும், மாடி கட்டக் கூடாது. கடைசி ரூலைப் படிக்கறப்ப எல்லாம் எனக்கு பெருமூச்சுதான் வரும்.

ரெண்டாவது: பைப்பு எங்க இருக்கு?

வெயில் இடம் ரெண்டு மூணு கிடைச்சா அதுல எது பைப்புக்குப் பக்கமோ அதை எடுங்க. இதுல யோசிக்கவே யோசிக்காதீங்க.

ஒரு மரத்துக்கு ஒழுங்கா தண்ணி விட அரை நிமிஷம் ஆகும், அதாவது ஒரு தடவை மேல நனைச்சு, மண்ணு குடிக்க விட்டு, திரும்ப வந்து சட்டி அடி ஓட்டையில தண்ணி வர்ற வரைக்கும் விடறது. 34 மரத்துக்கு 17 நிமிஷம். பங்குனி சித்திரையில ரெண்டு வேளை. இது போக குடத்துல தூக்கிட்டுப் போயி ஊத்தணும்னா பத்து நாள் பண்ணுவீங்க, பதினோராவது நாள் தூரத்துல இருக்கற மரத்தைப் பாத்து "ஈரமாத்தான் இருக்கும்"னு நீங்களே முடிவு பண்ணிருவீங்க. என்கிட்ட செத்த மரத்துல பாதிக்கு மேல மோட்டார் ரூம் மேல இருந்ததுதான். அது ஏணி போட்டு ஏற வேண்டிய இடம். கீழ இருந்து பாத்தா அங்க வச்ச ஜேட் செடி (தடிச்ச இலையில தண்ணி சேத்து வைக்கற ஜாதி) வானத்துக்கு எதிரா அவ்வளவு அழகா தெரியும், அதுக்காகத்தான் வச்சேன். ஜேட் பொழச்சுக்கிச்சு. பக்கத்துல இருந்த மாதுளை மூணு நாள்ல சருகாயிருச்சு.

ஹோஸ் முனையில பூவாளி மாதிரி மெல்லிசா விழற ரோஸ் மாட்டுங்க, நேரா பீச்சினா மண்ணு குழி விழும். ஹோஸ் இழுக்கறப்ப சட்டி முனையில மாட்டி கீழ தள்ளும், அதனால பெஞ்ச் மூலையில ஒரு குட்டைக் கம்பி நட்டு வச்சுட்டா ஹோஸ் அதுல சுத்தித் திரும்பும். இருபது ரூபா வேலை, ஒரு நல்ல சட்டியோட விலை மிச்சம்.

தண்ணியையும் பாக்கணும். சிறுவாணி தண்ணி வர்ற தெருவுல இருந்தா குடுத்து வச்சவங்க. போர் தண்ணி உப்பா இருந்தா சட்டி விளிம்புலயும் தண்டு அடியிலயும் வெள்ளையா படியும், இலை நுனி கருகும். எங்க வீட்டுல போர்தான், அதனால மழைத்தண்ணி பிடிக்கற டிரம் ஒண்ணை பெஞ்சுக்குப் பக்கத்துலயே வச்சு, ரொம்ப நுணுக்கமான மரத்துக்கு மட்டும் அதுல இருந்து விடுவேன். டிரம்முக்கு கொசுவலை கட்டி மூடாம விட்டுராதீங்க, மரத்தைக் காப்பாத்தப் போயி வீட்டுல டெங்கு வந்துரும்.

மூணாவது: பெஞ்ச்

தரையில வைக்காதீங்க. அழகுக்காக மட்டும் சொல்லல. மண்தரையில சட்டியை வச்சா ஆல், அரசு, இச்சி மாதிரி மரம் எல்லாம் அடி ஓட்டை வழியா வேரை பூமிக்குள்ள இறக்கிரும், நாலு மாசம் கழிச்சு தூக்கினா வராது, அறுத்துத்தான் எடுக்கணும். தண்டு பருக்கணும்னு வேணும்னே அப்படி விடறவங்க இருக்காங்க, அது வேற கதை. தவிர தரையில இருந்தா நத்தை, எறும்பு, பூனை, எல்லாத்துக்கும் அது பொது இடம்.

உயரம் எவ்வளவுன்னு கேட்டா, நீங்க நிக்கற இடத்துல இருந்து பாக்கறப்ப மரத்தோட அடித்தண்டுக்கும் நடுவுக்கும் இடையில கண்ணு படணும். மேல இருந்து குனிஞ்சு பாத்தா அது செடி, நேரா பாத்தாத்தான் மரம். நின்னு பாக்கற இடத்துக்கு பெரிய மரத்துக்கு மூணடி பெஞ்ச், ஒரு சாண் மரத்துக்கு நாலடி வரைக்கும் போகலாம். சேர் போட்டு உக்காந்து டீ குடிக்கற இடம்னா ரெண்டரை அடி போதும். இதை டேப் வச்சு அளக்கறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் ஸ்டூல், அட்டைப் பெட்டி, என்ன இருக்கோ அதை அடுக்கி மேல ஒரு மரத்தை வச்சு ஒரு வாரம் பாருங்க. நான் அப்படிப் பாத்துத்தான் மூணரை அடிய மூணா குறைச்சேன், ஏன்னா நான் ஊருக்குப் போனா தண்ணி விடறது அம்மா, அவங்களுக்கு மூணரை அடியில சட்டிக்குள்ள மண்ணு தெரியல.

அகலம் ரெண்டடி, மிஞ்சிப் போனா ரெண்டரை. கை நீட்டினா பின்னாடி இருக்கற சட்டிக்கு அந்தப் பக்கம் எட்டணும். நான் முதல் தடவை கொலுப்படி மாதிரி அஞ்சு படி கட்டினேன். பாக்க அமர்க்களமா இருந்துச்சு, நவராத்திரிக்கு வந்தவங்க எல்லாம் போட்டோ எடுத்தாங்க. கொலு பொம்மைக்கு தண்ணி ஊத்த வேண்டாம், மரத்துக்கு ஊத்தணுமே! அஞ்சாவது படிக்கு கை எட்டல, எட்டாத மரத்துக்கு எப்ப பூச்சி வந்துச்சுன்னே தெரியல, மேல் படியில இருந்து ஒழுகற தண்ணி கீழ் படி மரத்து மேல சொட்டி உரம், அழுக்கு, மாவுப்பூச்சி எல்லாம் வரிசையா கீழ இறங்கிச்சு. படி வேணும்னு ஆசைப்பட்டா ரெண்டோட நிறுத்துங்க, மேல் படி சொட்டு கீழ் படியில விழாத மாதிரி தள்ளிப் போடுங்க.

எதுல செய்யறது? சல்லிசான வழி, சாலிட் பிளாக்கை ரெண்டு பக்கம் அடுக்கி குறுக்க பலகை. அந்தப் பலகை இருக்கே, அதுலதான் நான் பெரிய தப்பு பண்ணினேன். வீடு கட்டறப்ப மிஞ்சின கடப்பாக்கல்லு ரெண்டு கிடந்துச்சு, கறுப்பா, பளபளன்னு, சட்டி நிறத்துக்கு எடுப்பா இருக்கும்னு அதையே போட்டுட்டேன். ஏப்ரல்ல ஒரு நாள் மதியம் மூணு மணிக்கு தற்செயலா அந்தக் கல்லு மேல கையை ஊனினேன், வெடுக்குன்னு எடுத்துட்டேன், தோசைக்கல்லு மாதிரி இருந்துச்சு. அது மேலதான் ரெண்டு இஞ்ச் ஆழ சட்டி. அந்த இச்சி மரத்தை அடுத்த வாரம் சட்டியில இருந்து எடுத்துப் பாத்தா மேல வேர் வெள்ளையா நல்லா இருக்கு, அடியில இருந்த வேர் எல்லாம் வெந்த கீரைத்தண்டு மாதிரி பழுப்பா, இழுத்தா உருவிட்டு வருது. தண்ணி விட்டேன், உரம் போட்டேன், ஏன் இலை கொட்டுதுன்னு ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்ததுக்கு பதில் அந்தக் கல்லுலதான் இருந்திருக்கு.

அதனால மரச்சட்டம்தான். ஒரு இஞ்ச் கனம் ரெண்டு இஞ்ச் அகல ரீப்பர், ஒண்ணுக்கொண்ணு ஒரு விரக்கடை இடைவெளி விட்டு அடிச்சா தண்ணி நிக்காது, அடியில காத்துப் போகும், சூடு தேங்காது. தேக்கு வேங்கைன்னா வருஷக்கணக்கா வரும், மட்டமான பலகை ரெண்டு மழைக்காலம் தாங்கினா பெருசு. ஃபிரேம் ஜிஐ பைப்புல போடுங்க. பட்டறையில போயி சைஸ் சொன்னப்ப அவரு என்னைய ஏற இறங்கப் பாத்துட்டு "ஏனுங்ணா, இத்தனை ஸ்ட்ராங்கா கேக்கறீங்க, மேல யாரு உக்காரப் போறாங்க?"ன்னாரு. யாரும் உக்கார வேண்டாம், மரமே போதும். 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 8 ஆழம் இருக்கற ட்ரே 11 லிட்டர் கிட்ட பிடிக்கும், ஈர மண்ணு, சட்டி, மரம் எல்லாம் சேத்தா ஒண்ணு 18, 20 கிலோ வந்துரும். ஒரு பெஞ்சுல அந்த மாதிரி ஏழு வச்சா ரெண்டு ஆளு ஏறி நிக்கற எடை. மொட்டை மாடின்னா பெஞ்சை ஸ்லாப் நடுவுல போடாதீங்க, கீழ சுவரோ பீமோ போற லைன்ல போடுங்க, கொத்தனாரையோ இன்ஜினியரையோ ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது. பைப் கால் தளத்தைக் குத்தாம இருக்க அடியில சின்னப் பட்டா வெல்டிங் வச்சுக்கோங்க.

கால்ல கிரீஸ் ஒரு சுத்து தடவி விட்டா எறும்பு ஏறாது. எறும்பு ஏறலன்னா மாவுப்பூச்சி பாதி குறையும், ஏன்னா அதைத் தூக்கிட்டுப் போயி ஒரு மரத்துல இருந்து இன்னொரு மரத்துக்குக் குடி வைக்கறதே எறும்புதான். ஆனா ஒரே ஒரு கிளை சுவரைத் தொட்டாலும் போச்சு, அதுதான் பாலம். சுவருக்கும் பெஞ்சுக்கும் ஒரு அடி விடுங்க, காத்தோட்டத்துக்கும் நல்லது.

நாலாவது: காத்து

மத்த ஊர்க்காரங்களுக்கு இது சின்ன விஷயமா இருக்கலாம். எங்களுக்கு ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்து வர்ற காத்து இருக்கே, ஆடி மாசம் துணிக்கொடியில போர்வை நிக்காது. மரம் சின்னதுதான், ஆனா தலை கனம், சட்டி ஆழமில்ல, பாய்மரம் மாதிரி காத்தை வாங்கிட்டு சாயும்.

பெஞ்சோட மேக்குப் பக்கம் ஒரு தடுப்பு இருக்கணும். முழு சுவரை விட இடைவெளி இருக்கற மூங்கில் தட்டியோ செடி வேலியோ நல்லது, காத்தை முழுசா மறிச்சா அது மேல ஏறி சுவருக்கு இந்தப் பக்கம் சுழல் அடிக்கும். சுவர்தான் இருக்குன்னா அதுவும் பரவாயில்ல. வாஷிங்டன்ல இருக்கற போன்சாய் மியூசியத்துல ஒரு ஜப்பான் வெள்ளைப் பைன் மரம் இருக்கு, 1625ல இருந்து வளத்துட்டு வர்ற மரம். 1945ல ஹிரோஷிமாவுல குண்டு விழுந்தப்ப அது அந்த இடத்துல இருந்து மூணு கிலோமீட்டர் கிட்ட தள்ளி யமாகி குடும்பத்தோட தோட்டத்துல இருந்துச்சு, சுத்தி இருந்த சுவர்தான் காப்பாத்துச்சுன்னு சொல்றாங்க. மசாரு யமாகி 1976ல அதை அமெரிக்காவுக்குக் குடுத்தப்ப இந்தக் கதையைச் சொல்லவே இல்ல, 2001ல பேரப்பசங்க பாக்க வந்தப்பதான் அங்க இருக்கறவங்களுக்கே தெரிஞ்சுது. நம்ம மரத்துக்கு அவ்வளவு பெரிய சோதனை வராது, ஆடிக்காத்துதான், ஆனாலும் சுவரு சுவருதான்.

தடுப்பு இருந்தாலும் கட்டுங்க. சட்டி அடி ஓட்டை வழியா அலுமினிய வயரைக் கோத்து ரீப்பரோட முறுக்கிடலாம், இல்லாட்டி சட்டி மேல குறுக்க சணல் கயிறு. கயிறு பாக்க நல்லா இல்லன்னு நான் ஒரு வருஷம் விட்டேன், நல்லா இல்லாம போனது சட்டிதான். அந்த ஓட்டாஞ்சில்லு இன்னும் மண்ணுல கலந்து கிடக்கு.

அஞ்சாவது: யாரு யாரு பக்கத்துல

இப்பத்தான் மரத்தைத் தூக்கலாம். இனம் பாத்து பிரிக்காதீங்க, தாகம் பாத்து பிரிங்க. அடீனியம் (பாலைவன ரோஜா), ஜேட், காகிதப்பூ இதெல்லாம் காஞ்சு காஞ்சு குடிக்கற ஆளுங்க, நல்லா வெயில் அடிக்கற ஓரத்துல ஒண்ணா வைங்க. ஆல், அரசு, இச்சி, அத்தி எல்லாம் வெயிலும் வேணும் தண்ணியும் வேணும், நடுவுல. மாதுளை, எலுமிச்சை, புளி அதுக்குப் பக்கத்துல. சவுக்கு இருந்தா பைப்புக்கு ரொம்பப் பக்கத்துல வைங்க, முழு வெயிலும் கேக்கும், ஒரு வேளை தண்ணி விட்டுப் போனாலும் மன்னிக்காது, ஊசி பச்சையாவே இருந்து ஏமாத்தும், காஞ்சது ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும்.

ஜூனிபர், பைன் மாதிரி குளிர் ஊரு மரத்து மேல ஆசை எல்லாருக்கும் வரும். படத்துல பாக்கற போன்சாய் எல்லாம் அதுதானே. ஆன்லைன்ல வாங்கி சமவெளியில வச்சா ஆறு மாசம் நல்லா இருக்கற மாதிரி நடிக்கும், அப்புறம் உள்ளுக்குள்ள இருந்து பழுப்பாகும். ஊட்டியில வீடு இருந்தா வாங்குங்க, இல்லாட்டி அந்த ஆசைக்கு சவுக்கு போதும், நல்லா கட்டி வளத்தா தூரத்துல இருந்து பைன்னுதான் சொல்லுவாங்க.

அரச மரத்தை வீட்டுல வைக்கலாமான்னு ஒரு கேள்வி வரும், போன்சாயே வீட்டுக்கு ஆகாதுன்னு வாஸ்து சொல்றவங்களும் வருவாங்க. எங்க வீட்டுலயும் அத்தை ஒருத்தங்க சொன்னாங்க. நான் வாதாடல, அரசை மட்டும் காம்பவுண்டுக்கு வெளிப்பக்கம் பாத்த மாதிரி ஈசானி மூலையில தனியா வச்சேன், இப்ப அவங்களே வந்தா ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டுப் போறாங்க. எனக்கு ஒரு சட்டி வேலை மிச்சம்.

ஆறாவது: இப்ப அழகு

எல்லாரும் செய்யற தப்பு, எல்லா மரத்தையும் வெளிய வைக்கறது. பெஞ்ச் எட்டடின்னா அஞ்சு மரம், மிஞ்சினா ஆறு. ஒரு மரத்தோட இலை ஓரத்துக்கும் அடுத்த மரத்தோட இலை ஓரத்துக்கும் ஒரு சாணாவது வெறுமையா இருக்கணும், காத்தும் வெயிலும் போக, கண்ணும் போக. இடம் பத்தலைன்னா வளர்ற மரம், கிளையை வளைக்க வயர் சுத்தி அசிங்கமா இருக்கற மரம், வெட்டி மொட்டையா நிக்கற மரம் எல்லாத்தையும் வீட்டுக்குப் பின்னாடி ஒரு பட்டறை பெஞ்ச் போட்டு அங்க தள்ளுங்க. கல்யாண வீட்டுல பந்திக்கு ஒரு இடம், சமையலுக்கு ஒரு இடம் இருக்கற மாதிரிதான். முன்னாடி வர்ற மரம் மாறிக்கிட்டே இருக்கும், காகிதப்பூ பூத்தா முன்னாடி வரும், பூ கொட்டினா பின்னாடி போகும்.

ஸ்கூல் குரூப் போட்டோ மாதிரி உயரப்படி நிக்க வைக்காதீங்க. பெருசுக்குப் பக்கத்துல குட்டை, அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் உயரம், நடுவுல ஒரு இடம் காலி. சாஞ்ச மரம் இருந்தா அது பெஞ்சோட உள்பக்கமா சாயட்டும், வெளிப்பக்கம் பாத்து சாஞ்சா அதுவே இறங்கி நடந்து போற மாதிரி இருக்கும். சட்டி நிறமும் பாருங்க, பளபள நீலச் சட்டி ரெண்டு அடுத்தடுத்து வந்தா கண்ணு மரத்துக்குப் போகாது, சட்டியிலயே நிக்கும்.

அருவி மாதிரி கீழ தொங்கற மரத்தை பெஞ்சுல வைக்காதீங்க, தொங்கற கிளை பலகையில படுத்துக்கும். தனியா ஒரு ஒத்தைக் கம்பம் நட்டு அது தலையில ஒரு அடிக்கு ஒரு அடி பலகை அடிச்சு மேல வைங்க, வயரால கட்டி. அதே மாதிரி உங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய, வயசான மரம் எதுவோ அதையும் கூட்டத்துல விடாதீங்க. எங்க புளிய மரம், எங்க அப்பா எப்பவோ பாலத்து ஓரத்துல முளைச்சுக் கிடந்ததைப் புடுங்கிட்டு வந்தது, அது கேட்டுல இருந்து உள்ள வர்றப்ப நேரா தெரியற மாதிரி தனிக் கம்பத்துல இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அது இலையை மூடிக்கும், அப்ப கிளை மட்டும் கோடு கோடா தெரியும் பாருங்க, ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அதைத்தான் பாப்பேன்.

பின்னணி ரொம்ப முக்கியம், காசும் ஆகாது. மரத்துக்குப் பின்னாடி இன்னொரு செடி இருந்தா இலையோட இலை கலந்து ஒண்ணும் தெரியாது. வெள்ளையோ சந்தன நிறமோ சாதா சுண்ணாம்பு அடிச்ச சுவர் போதும், பளீர் வெள்ளைன்னா மே மாசம் வெயில திருப்பி அடிக்கும், அதனால கொஞ்சம் மங்கின நிறம். சுவரே இல்லன்னா கோரைப்பாயோ மூங்கில் தட்டியோ. எங்க சுவர் முன்னாடி ரோஸ் கலரு, அது மேல காகிதப்பூ போன்சாய் பூத்தா இருக்கா இல்லையான்னே தெரியாது.

வீட்டுக்குள்ள ஹால்ல வைக்கலாமான்னா, விருந்தாளி வர்ற அன்னைக்கு வைங்க. ஒரு நாள், ரெண்டு நாள். ஜப்பான்லயும் உள்ள வச்சு ரசிக்கறது அப்படி கொஞ்ச நாள்தான், மிச்ச நாள் எல்லாம் வெளியதான்.

அடுக்கினதுக்கு அப்புறம்

மார்ச்ல இருந்து மே முடியற வரைக்கும் பெஞ்சுக்கு மேல 50 சதவீத ஷேட் நெட் (பாதி வெயிலைத் தடுக்கற நிழல் வலை) போடுங்க, ஏழடி உயரத்துல, மரத்து தலைக்கு மேல காத்துப் போற மாதிரி. 75 வேண்டாம், மரம் வெளிறிரும். அடீனியமும் காகிதப்பூவும் நெட்டுக்கு வெளியவே இருக்கட்டும். ஜூன்ல நெட்டைக் கழட்டிருங்க, இல்லாட்டி ஆடிக்காத்து கழட்டும்.

ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு சட்டியோட ஒரு பக்கம் அடியில ஒரு கட்டையைக் குடுத்து சாய்ச்சு வச்சா தண்ணி ஒரு மூலையில வடிஞ்சுரும், வேர் அழுகாது. அடீனியம், ஜேட் ரெண்டையும் சன்ஷேடுக்கு அடியில தள்ளிருங்க. கட்டையை மழை வர்றதுக்கு முன்னாடியே ரீப்பர் வெட்டின துண்டுல செஞ்சு ஒரு டப்பாவுல போட்டு வைங்க, கொட்டற மழையில குடை பிடிச்சுட்டு செங்கல் துண்டு தேடற ஆளா இருக்காதீங்க.

மயில். எங்க பக்கம் இப்ப காக்காய விட மயில் ஜாஸ்தி. மாடி கைப்பிடிச் சுவர்ல வந்து இறங்கி, பெஞ்சுக்கு வந்து, சட்டி மண்ணு மேல நான் ஒரு வருஷமா வளத்த பாசியை கால்மணி நேரத்துல கிண்டி கிளறி புழு தேடிட்டு, வாலால ரெண்டு சட்டியைத் தள்ளிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி நடந்து போகும். விரட்டலாம், அதுக்கு மேல தொடக் கூடாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, அடிக்கவும் மனசு வராது. சட்டி மண்ணு மேல சின்னக் கண்ணு பிளாஸ்டிக் வலையை வெட்டிப் போட்டு நாலு கூழாங்கல்லு வச்சேன், இப்ப வந்து ஒரு கொத்து கொத்திப் பாத்துட்டு பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்திக்குப் போயிருது. மாடி ஏத்தினாங்களே, அவங்க வீடுதான்.

கடைசியா ஒண்ணு, வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு சட்டியையும் கால் சுத்து திருப்பணும், இல்லாட்டி சுவர்ப் பக்கம் இருக்கற கிளை வெயில் இல்லாம மெல்ல மெல்ல காயும். எதைத் திருப்பினோம், எதை விட்டோம்னு மறந்து போகும், அதனால சட்டி முன்பக்கம் விளிம்புக்கு அடியில பென்சிலால ஒரு புள்ளி வச்சுருங்க. வயரால கட்டின சட்டியை கட்டவிழ்த்துத் திருப்பறது கொஞ்சம் கடுப்பான வேலைதான், ஆடி முடியற வரைக்கும் அதுகளை மட்டும் மாசம் ஒரு தடவை திருப்பினாலும் போதும். நான் ஞாயித்துக்கிழமை காலையில பண்ணுவேன். போன வாரம் மறந்துட்டேன், இந்த வாரம் ரெண்டு தடவை திருப்பணும்.